தலைசுற்றலுக்கு மாத்திரை வாங்கும் முன்

1)
மக்களே, இந்த இழை கொஞ்சம் நீளம். சேமித்து வைத்துப் பொறுமையாகப் படிங்க. வீட்டில் பெரியவங்க இருந்தா அவங்களுக்கும் படித்துக் காட்டுங்க.

சொல்ல வருவது ஒன்றுதான். தலைசுற்றல் ஒரு நோய் கிடையாது. காய்ச்சல், இருமல் மாதிரி அது ஓர் அறிகுறி. பின்னால் இருக்கும் காரணம் இரண்டு நிமிடத்தில் சரி செய்யக்கூடியதாகவும் இருக்கலாம், ஒரு மணி நேரம் தாமதித்தால் ஆளையே முடக்கிவிடுவதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே மாத்திரை எப்படிச் சரியாகும்?

2)
மேனாம்பேடு, கருக்கு, கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் ஓ.டி. இந்தப் பக்கத்து மக்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். எஸ்டேட்டில் லேத்திலும் பிரஸ்ஸிலும் நின்று வேலை செய்பவர்கள், கார்மெண்ட்ஸில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள், நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்காமல் பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகிறவர்கள், ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கும் அப்பா அம்மாக்கள்.

தலைசுற்றல் என்று வருபவர்களில் நிறையப் பேர் கையில் ஏற்கெனவே ஒரு மாத்திரை அட்டை இருக்கும். "இது போட்டா நிக்குது டாக்டர், விட்டா திரும்ப வருது. இதையே எழுதிக் குடுங்க."

எவ்வளவு நாளா போடுறீங்கன்னு கேட்டா பதில்: "ரெண்டு வருஷமா."

3)
என் கருத்தை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். காரணம் கண்டுபிடிக்காமல் ரெண்டு வருஷம் தலைசுற்றல் மாத்திரை போடுவதை வைத்தியம் என்று சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வியை ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இதில் மக்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கேட்காமல் எழுதிக் கொடுக்கும் எங்கள் ஆட்களுக்கும், சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுக்கும் மருந்துக் கடைக்கும் பங்கு உண்டு.

4)
முதல் சிக்கல் வார்த்தையிலேயே இருக்கிறது. "மயக்கமா வருது" என்று நாம் சொல்லும் ஒரே சொல்லுக்குள் நாலு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று: அறையே சுத்துது, ஃபேன் சுத்துது, கட்டில் கவிழுது. நாம் அசையாமல் இருந்தாலும் உலகம் அசைகிற மாதிரி இருப்பது. இதுதான் கிறுகிறுப்பு.

இரண்டு: கண் இருட்டிக்கிட்டு வருது, காது அடைக்குது, வேர்க்குது, விழப்போற மாதிரி இருக்கு.

மூன்று: தலை நல்லாத்தான் இருக்கு, ஆனா நடந்தா தள்ளுது. குடித்தவர் மாதிரி கால் போகுது.

நாலு: சுத்தவும் இல்லை, விழவும் இல்லை. தலை லேசா, பஞ்சு மாதிரி இருக்கு, எதிலும் பிடிப்பு இல்லை.

5)
ஆனால் இந்த வகையை மட்டும் நம்பி நாங்கள் முடிவுக்கு வருவதில்லை. ஒரே ஆள் காலையில் "சுத்துது" என்பார், மதியம் "தள்ளுது" என்பார். தப்பே இல்லை. அந்த உணர்வைச் சொல்வது யாருக்குமே கஷ்டம்.

அதனால் அதைவிட முக்கியமாக மூன்று கேள்விகள் இருக்கு. மனப்பாடம் பண்ணிக்கோங்க:

எப்படி ஆரம்பிச்சுது? திடீர்னா, கொஞ்சம் கொஞ்சமாவா?
ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் இருக்கு? விநாடியா, நிமிஷமா, மணிக்கணக்கா, விடாமலா?
எதைச் செய்தா வருது? படுத்தாவா, திரும்பினாவா, எழுந்து நின்னாவா, ஒன்றுமே செய்யாமலா?

இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்.

6)
உதாரணத்துக்கு மிகச் சாதாரணமாக வரும் ஒன்றைப் பார்ப்போம்.

காலையில் கட்டிலில் இருந்து எழும்போது, அல்லது ஒருபக்கமாகத் திரும்பிப் படுக்கும்போது, அல்லது பரணில் இருந்து பாத்திரம் எடுக்க அண்ணாந்து பார்க்கும்போது, வீடே சுற்றும். வாந்தி வரும். பயந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். அசையாமல் இருந்தால் ஒன்றுமில்லை. மறுபடி அதே பக்கம் திரும்பினால் மறுபடி வரும்.

இதற்குப் பெயர் பிபிபிவி. ஐம்பது வயதுக்கு மேல் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

7)
காரணம் என்ன? நம் உள்காதில் கேட்பதற்கு ஒரு பகுதி, உடம்பின் சமநிலையைப் பார்க்க ஒரு பகுதி. சமநிலைப் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்ன சுண்ணாம்புத் துகள்கள் ஒரு பசைப் படலத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதாவதால், தலையில் அடிபட்டதால், சில நேரம் காரணமே தெரியாமல், அந்தத் துகள்கள் கழன்று பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விழும்.

தலையைத் திருப்பும்போது துகள் உருளும், குழாயில் இருக்கும் திரவம் அசையும். நீங்கள் சுற்றுகிறீர்கள் என்று காது மூளைக்குத் தப்பான தகவல் கொடுக்கும். துகள் நின்றதும் சுற்றல் நின்றுவிடும். அதனால்தான் ஒரு நிமிடக் கணக்கு.

8)
இப்போ யோசிங்க. துகள் இடம் மாறி விழுந்திருக்கு. மாத்திரை போட்டா துகள் பழைய இடத்துக்குப் போயிடுமா?

போகாது. மாத்திரை அந்த உணர்வைக் கொஞ்சம் மழுங்கடிக்கும். சில வாரங்களில் துகள் தானாகவே நகர்ந்து சரியாகிவிடுவதும் உண்டு. பெயர் மாத்திரைக்குப் போய்விடும்.

துகளைத் திரும்ப அனுப்ப ஒரு வழி இருக்கு. கட்டிலில் படுக்க வைத்து, தலையைக் குறிப்பிட்ட கோணத்தில் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் கொஞ்ச நேரம் நிறுத்தி, கடைசியில் உட்கார வைப்பது. மொத்தமே சில நிமிடம்தான். ஊசி இல்லை, மருந்து இல்லை. ஒன்றிரண்டு தடவையிலேயே பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும்.

9)
இதைக் கண்டுபிடித்தவர் ஜான் எப்லி. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரத்துக் காது மருத்துவர். 1980 வாக்கிலேயே சக மருத்துவர்களுக்குச் செய்து காட்டினார். தலையைத் திருப்பினால் நோய் போகுமா என்று நம்ப ஆள் இல்லை. கட்டுரை வெளியானதே 1992இல்தான். இன்று உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதல் வைத்தியமே எப்லி முறைதான்.

நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அதைவிடப் பழசு. டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் எழுதி வைத்தது. உட்கார்ந்திருப்பவரின் தலையை ஒருபக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணைப் பார்ப்போம். கருவிழி ஒரு குறிப்பிட்ட மாதிரி துடித்தால் எந்தக் காது என்றே சொல்லிவிடலாம். தேவை ஒரு கட்டிலும் ஒரு ஜோடிக் கண்ணும்தான்.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2017 வழிகாட்டுதல், பிபிபிவிக்குத் தலைசுற்றல் மாத்திரைகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

(யூட்யூப் பார்த்து முதல் தடவையே வீட்டில் செய்யாதீங்க. எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியணும். கழுத்துப் பிரச்சினை இருப்பவர்களுக்கு முறையை மாற்றணும். ஒருதடவை மருத்துவர் செய்து சொல்லிக் கொடுத்த பிறகு வீட்டில் செய்துகொள்ளலாம்.)

10)
சரி, அந்த மாத்திரைகள் கெட்டதா? இல்லை. இடம், காலம் தெரிந்து போடணும்.

உங்கள் அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைப் பாருங்க. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் என்று இருந்தால், விடாமல் சுற்றி வாந்தி எடுக்கும் முதல் ரெண்டு மூன்று நாளைத் தாண்டிப்போக அவை உதவும். அதற்கு மேல் இழுத்தால் ரெண்டு தொல்லை.

ஒன்று, தூக்கக் கலக்கம். பிரஸ் மெஷின் முன்னால் நிற்பவருக்கும், சி.டி.ஹெச். ரோட்டில் வண்டி ஓட்டுபவருக்கும் இது சின்ன விஷயம் இல்லை. விரல் போகும், உயிரும் போகும்.

இரண்டு, வயதானவர்களுக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் கை நடுக்கம், நடை தளர்வு, முகத்தில் உணர்ச்சி குறைவது என்று பார்க்கின்சன் நோய் மாதிரியே வரலாம். பிறகு நடுக்கத்துக்குத் தனி மாத்திரை ஆரம்பிப்பார்கள். காரணம் முதல் மாத்திரை என்று யாருக்கும் தோன்றாது.

11)
பீட்டாஹிஸ்டின் என்று இருந்தால்? அது பொதுவாகத் தூக்கம் வரவைக்காது. மெனியர் நோய் என்று ஒன்று உண்டு: காது அடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் ஏறி இறங்குவது, கூடவே இருபது நிமிடம் முதல் பல மணி நேரம் வரை சுற்றல். அந்த மாதிரி நோய்க்கு அதைக் கொடுப்பார்கள். திரும்பிப் படுத்தால் மட்டும் வரும் சுற்றலுக்கு அதை வருஷக்கணக்கில் போடுவதால் துகள் நகராது.

நீங்களே திடீர்னு நிறுத்தவும் வேண்டாம். அட்டையோடு மருத்துவரிடம் போய், "இது எதுக்கு, எத்தனை நாள்?" என்று கேளுங்க. கேட்பது உங்கள் உரிமை.

12)
அடுத்து, நம்ம ஊரில் அசைக்க முடியாத ஒரு நம்பிக்கை: "கழுத்து எலும்பு தேய்ஞ்சிருக்கு, அதான் தலை சுத்துது."

நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய யாருடைய கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் ஏதோ ஒரு தேய்மானம் தெரியும். நரைமுடி மாதிரிதான் அது. தலைசுற்றல் இருப்பவருக்கும் தெரியும், இல்லாதவருக்கும் தெரியும். தேய்மானத்தால் கழுத்து வலிக்கும், கை மரத்துப்போகும். ஆனால் தலைசுற்றலுக்கு அது காரணமாக இருப்பது மிக அரிது.

கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் சுற்றும் பலருக்கு உண்மையில் இருப்பது பிபிபிவி. பட்டையால் தலையைத் திருப்புவது குறையும், அதனால் சுற்றல் குறைந்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான் ரகசியம்.

13)
"பிபி கூடிடுச்சு, அதான் சுத்துது." இதுவும் பெரும்பாலும் தலைகீழ். வீடே சுற்றி, வாந்தி எடுத்து, பயந்துபோய் இருக்கும் ஆளுக்கு பிபி பார்த்தால் 160, 170 காட்டத்தான் செய்யும். சுற்றல் நின்றால் அதுவும் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒரு மாத்திரை சேர்த்துப் போடுவது, நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பது, இரண்டும் வேண்டாம். சட்டென்று பிபியை இறக்கினால் மூளைக்கு ரத்தம் குறையும்.

"லோ பிபி" என்று காபியில் உப்பு போட்டுக் குடிப்பதும் வைத்தியம் இல்லை. பிபி குறைந்தால் ஏன் குறைந்தது என்பதுதான் கேள்வி.

14)
எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டுகிறதா? உட்கார்ந்தால், படுத்தால் சரியாகிறதா?

அப்போ நின்றபிறகு பிபி பார்க்கணும். படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்று ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் ஒரு தடவை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் காரணம் அங்கேதான் இருக்கு.

பிபி மாத்திரை அளவு அதிகமாக இருக்கலாம். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை, ப்ராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை காரணமாக இருக்கலாம். பல வருஷச் சுகர் நரம்பைப் பாதித்திருக்கலாம். கத்திரி வெயிலில் ஷெட்டுக்குள் எட்டு மணி நேரம் நின்று, கழிவறைக்குப் போக விட மாட்டார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கலாம்.

15)
2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். நான் கேட்டுக்கொள்வது இதுதான்: மாத்திரை கொண்டுவரும் சகோதரியிடம் "எழுந்தா கண் இருட்டுது" என்பதையும் சொல்லுங்க. நிற்க வைத்து ஒருதடவை பிபி பார்க்கச் சொல்லுங்க. மாத்திரை வீடு தேடி வந்தாலும், அதன் அளவை அவ்வப்போது ஒரு மருத்துவர் சரிபார்க்கணும்.

வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்கணும். பாதையில் ஒரு சின்ன லைட் எரியட்டும். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழும் கதை பல வீடுகளில் இந்த ஒரு நிமிடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

16)
சுகர் மாத்திரை, இன்சுலின் போடுபவர்களுக்கு: கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, கண் மங்கல். உடனே குளுக்கோமீட்டரில் பாருங்க. 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்க. மீட்டர் இல்லையென்றால் சந்தேகம் இருந்தாலே கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீங்க, புரை ஏறிவிடும். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போடுபவர்களுக்கு ஏறிய சுகர் திரும்ப இறங்கும், அதனால் மருத்துவமனைக்குப் போயே ஆகணும்.

17)
பெண்களுக்குத் தனியாகச் சொல்றேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. காலையில் எல்லாருக்கும் டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, தான் சாப்பிடாமல் கம்பெனி பஸ் ஏறும் பெண்ணுக்குத் தலை கிறுகிறுப்பதை "பித்தம்" என்று இஞ்சிச் சாறு குடித்துச் சமாளிக்காதீங்க. ஹீமோகுளோபின் பாருங்க. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா என்று பாருங்க.

மாதவிடாய் தள்ளிப்போயிருக்கு, அடிவயிறு வலிக்குது, தலை சுத்தி விழப்போற மாதிரி இருக்குன்னா, அது கருப்பைக்கு வெளியே தங்கிய கரு வெடித்து உள்ளே ரத்தம் போவதாக இருக்கலாம். அன்றைக்கே இல்லை, அந்த மணி நேரமே மருத்துவமனை.

18)
தலைசுற்றலோடு மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் குடலில் ரத்தக் கசிவு இருக்கலாம். மூட்டு வலிக்கு வலி மாத்திரையை வாங்கிப் போடுபவர்கள் கூடுதல் கவனமாக இருங்க.

நெஞ்சு படபடப்போடு கண் இருட்டினால், மாடி ஏறும்போதோ பாரம் தூக்கும்போதோ மயங்கி விழுந்தால், வீட்டில் சின்ன வயதில் திடீரென இறந்தவர்கள் இருந்தால், இதயத்தைப் பார்க்கணும். முதலில் ஒரு ஈசிஜி.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போய், கூடவே சுற்றினால் "சளி அடைச்சிருக்கு" என்று வாரக்கணக்கில் சொட்டு மருந்து விடாதீங்க. அன்றே ஈஎன்டி மருத்துவரைப் பாருங்க. நாள் கடந்தால் அந்தக் காது திரும்பக் கேட்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

19)
இப்போ இந்த இழையின் முக்கியமான இடத்துக்கு வர்றோம்.

பக்கவாதம் என்றால் வாய் கோணும், கை கால் விழும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அடைப்பினால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மூளையின் பின்பகுதியில் வருகிறது. சமநிலையைப் பார்க்கும் சிறுமூளை அங்கேதான் இருக்கு. அங்கே ரத்தக்குழாய் அடைத்தால் கை கால் நன்றாகவே இருக்கலாம், வாய் கோணாமல் இருக்கலாம். வருவது தலைசுற்றலும் வாந்தியும் மட்டும்.

20)
ஒரு ஷிப்டில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்க. 55 வயதுக்காரர். பிபி இருக்கு, சுகர் இருக்கு, பீடி உண்டு. மதியம் திடீரென்று தலை சுத்தி வாந்தி எடுக்கிறார். "சாப்பாடு ஒத்துக்கல" என்று சோடா வாங்கித் தருகிறார்கள். சூப்பர்வைசர் அரை நாள் லீவு கொடுத்து "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்கிறார். வண்டியிலோ ஷேர் ஆட்டோவிலோ தனியாக வருகிறார். வழியில் மருந்துக் கடையில் ரெண்டு மாத்திரை. வீட்டில் படுக்கிறார். சாயங்காலம் எழுந்தால் நிற்க முடியவில்லை. ராத்திரி பேச்சு குழறுகிறது.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லாரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய நேரம் போய்விட்டது.

21)
என்ன நேரம்? ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி ஆரம்பித்ததில் இருந்து நான்கரை மணி நேரத்துக்குள் போடணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெரிய குழாய் அடைத்த பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

மேனாம்பேட்டில் இருந்து சாயங்கால நெரிசலில் சி.டி.ஹெச். ரோட்டைத் தாண்டி, பாடியைத் தாண்டிப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். போனபிறகு ஸ்கேன் எடுக்கணும், ரத்தம் பார்க்கணும். நான்கரை மணி நேரம் என்பது கேட்க நிறைய மாதிரி இருக்கும். உண்மையில் கொஞ்சம்தான்.

22)
அப்போ எந்தத் தலைசுற்றலுக்கு 108ஐ அழைக்கணும்? சுற்றலோடு இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே:

திடீரென்று ஆரம்பித்து, அசையாமல் இருந்தாலும் விடாமல் சுற்றுகிறது, அதோடு பிடிக்காமல் நிற்கவோ நடக்கவோ முடியவில்லை.
பார்ப்பது இரண்டு இரண்டாகத் தெரிகிறது, அல்லது பார்வை திடீரென்று போய்விட்டது.
பேச்சு குழறுகிறது, விழுங்க முடியவில்லை.
முகம் ஒருபக்கம் இழுக்கிறது, கை காலில் பலவீனம் அல்லது மரத்துப்போதல்.
இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, பின்கழுத்து வலி.
திடீரென்று காது கேட்கவில்லை.
நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், நினைவு தப்புதல்.

இதில் நடையைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். உள்காதுப் பிரச்சினையில் தள்ளாடினாலும் பெரும்பாலானவர்கள் எப்படியோ நடந்துவிடுவார்கள். உட்காரவே முடியவில்லை, நிற்கவே முடியவில்லை, ஒருபக்கமாகச் சரிகிறார் என்றால், வேறு அறிகுறி ஒன்றுமே இல்லாவிட்டாலும் மூளையாக இருக்கலாம் என்று நினைத்துக் கிளம்புங்க.

23)
கிளம்பும்போது:

எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று எழுதிக்கோங்க. தூங்கி எழும்போதே இருந்தால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை எழுதுங்க. மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.
மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துட்டு வாங்க. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர் என்றால் மறக்காமல் சொல்லுங்க.
வாயில் தண்ணீர், சோடா, காபி எதுவும் வேண்டாம்.
வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். ரத்தக் கசிவினால் வந்த பக்கவாதமாக இருந்தால் அது இன்னும் கெடுக்கும்.
108இல் "பக்கவாதமோன்னு சந்தேகமா இருக்கு" என்றே சொல்லுங்க. இரவு பகலாக சிடி ஸ்கேன் இருக்கும் இடத்துக்குத்தான் போகணும். அரசு மருத்துவமனை என்றால் கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி மருத்துவமனை. பக்கத்தில் எந்தத் தனியார் மருத்துவமனையில் இந்த ஊசி போடுவார்கள் என்பதை இன்றே விசாரித்து வைங்க.

24)
இன்னொன்று. ஆரம்ப மணி நேரங்களில் சிறுமூளை அடைப்பு சிடி ஸ்கேனில் தெரியாமல் போவது சகஜம். "சிடி நார்மல், வீட்டுக்குப் போங்க" என்று சொன்ன பிறகும் அவரால் நடக்க முடியவில்லை என்றால், "இவரால நடக்கவே முடியல டாக்டர்" என்று மரியாதையாக, விடாமல் சொல்லுங்க. நோயாளியை நடக்க வைத்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

அதே நேரம், திரும்பிப் படுத்தால் அரை நிமிடம் சுற்றும் ஒருவருக்கு எம்ஆர்ஐ தேவையில்லை. அந்தப் பணத்துக்கு வீட்டில் நாலு பேருக்கு நல்ல சாப்பாடு போடலாம். கேட்காமல் மாத்திரை கொடுப்பதும் கேட்காமல் ஸ்கேன் எழுதுவதும் ஒரே தப்பின் இரண்டு முகம்.

25)
யாராவது உங்கள் முன்னால் மயங்கிச் சரிந்தால், தயவுசெய்து தூக்கி உட்கார வைக்காதீங்க. பஸ்ஸிலும் ரயிலிலும் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். மூளைக்கு ரத்தம் குறைந்ததால்தான் அவர் சரிந்தார். படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, சட்டையைத் தளர்த்தி, காற்று வர விடுங்க. இரும்பு, சாவி, வெங்காயம் எதுவும் வேண்டாம். மூச்சு இருக்கிறதா என்று பாருங்க. இல்லையென்றால் 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் அழுத்த ஆரம்பிங்க. ஒரு நிமிடத்தில் தெளியவில்லை என்றாலும் 108.

26)
கம்பெனி நடத்துபவர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தலை சுத்துது என்று சொன்னவரை மெஷினை விட்டு உடனே நகர்த்துங்க, ஏணியில் ஏற்றாதீங்க. தனியாக வண்டியில் வீட்டுக்கு அனுப்பாதீங்க, ஒருத்தரைக் கூட அனுப்புங்க. நடக்க முடியவில்லை என்றால் வீட்டுக்கு இல்லை, மருத்துவமனைக்கு. தண்ணீருக்கும் கழிவறைக்கும் இடைவேளை கொடுங்க. இதற்கெல்லாம் செலவு பெரிதாக ஒன்றும் இல்லை.

27)
"நீங்க சொல்றதெல்லாம் சரி டாக்டர், கூட்டத்துல யார் இவ்வளவு கேட்கிறாங்க? உள்ள போனதும் சீட்டு எழுதிடுறாங்க." இது நியாயமான கேள்வி. ஒரு மாலையில் நூறு பேர் வரும் இடத்தில் ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும்.

அதனால்தான் அந்த மூன்று கேள்வி. உள்ளே போகும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கோங்க: எப்படி ஆரம்பிச்சுது, எவ்வளவு நேரம், எதைச் செய்தா வருது. கீழே நீங்கள் போடும் எல்லா மாத்திரைகளும். "திரும்பிப் படுத்தா அரை நிமிஷம் சுத்துது, நாலு நாளா" என்று ஒரே வரியில் சொன்னால் எவ்வளவு அவசரத்தில் இருக்கும் மருத்துவரும் நிமிர்ந்து பார்ப்பார்.

28)
மருத்துவ நண்பர்களுக்கும் மருந்துக் கடை நண்பர்களுக்கும்: தலைசுற்றலுக்கு அட்டை கொடுக்கும் முன் ஒரே ஒரு வேலை செய்வோம். அவரைப் பத்து அடி நடக்கச் சொல்லிப் பார்ப்போம். நடக்க முடியவில்லை என்றால் அட்டை வேண்டாம், ஆம்புலன்ஸ் வேண்டும். மூன்று நாளுக்கு மேல் அதே அட்டை கேட்டு வந்தால், "மறுபடி டாக்டரைப் பாருங்க" என்று சொல்லுவோம். ஒரு அட்டை விற்காததால் கடை மூடிவிடாது.

29)
கடைசியாக, தலைசுற்றல் வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தான நோய் எதுவும் இருக்காது. பயப்படுத்த இதை எழுதவில்லை. ஆபத்து இல்லாததைச் சீக்கிரம் குணப்படுத்தலாம், ஆபத்து உள்ளதைச் சீக்கிரம் பிடிக்கலாம் என்பதற்காகத்தான் இவ்வளவும். இரண்டுக்கும் ஒரே தடை, "சும்மா தலைசுத்தல்தான்" என்ற அந்த ஒரு வார்த்தை.

இன்று ராத்திரி வீட்டில் அப்பா அம்மாவிடம் கேளுங்க: "எழுந்தா, திரும்பினா தலை சுத்துதா? அதுக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களா?" பலர் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று சொல்லாமலே இருப்பார்கள். அந்த அட்டையை வாங்கிப் பின்பக்கம் படிங்க.

சந்தேகங்களைக் கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன். ஆனால் இப்போதே சுற்றி, நடக்க முடியாமல் இருப்பவர் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்க.